ஆறாவது சாவி

முதலில் ராஜபாளையம். ஆலை வாசலில் கூட்டம் போடுவதென்று சங்க அலுவலகத்துக்குள் முடிவாகி, கணினியில் குறித்து வைத்தார்கள். துண்டறிக்கைகூட அச்சுக்குப் போகவில்லை. மறுநாள் விடிந்தபோது அந்த வாசலில் போலீஸ் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது குமாரபாளையம். கூலி உயர்வுப் பேச்சில் எந்தத் தொகைக்குக் கீழே இறங்குவதில்லை என்பது சங்கத்தில் நாலு பேருக்கும் சங்கக் கணினிக்கும் மட்டுமே தெரியும். முதலாளிகள் தரப்பு ஆள் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்தத் தொகையையே சொன்னான். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் காபி சொன்னான்.

மூன்றாவது திண்டுக்கல். ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள், இரவு ஷிப்டில் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். அதை எழுதிச் சங்கக் கணினியில் வைத்தார்கள். தொழிலாளர் துறை அதிகாரி அதைப் படிப்பதற்கு முன்பே விடுதிக் காப்பாளர் அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சகாயமேரி என்ற அந்தப் பெண்ணை உடுத்திய துணியோடு சாலையில் இறக்கிவிட்டார்கள். சாட்சி சொன்ன மற்ற பெண்கள் இன்னும் அந்த விடுதிக்குள்தான் இருந்தார்கள்.

நான்காவது இன்னும் நடக்கவில்லை. அது நடப்பதற்குள் துரோகியின் பெயரை வாசித்துவிட வேண்டும் என்பதுதான் இளம்பரிதியின் தலைமேல் விழுந்த பொறுப்பு.

நூற்பாலை, விசைத்தறித் தொழிலாளர் கூட்டமைப்புக்குத் துரோகம் புதிதல்ல. ஒரு காலத்தில் முதலாளிகள், சங்க அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரருக்கு மாசம் ஒரு தொகை கொடுத்தார்கள். பிறகு சங்கத்துக்குள் இருந்த ஒருவனுக்கே கொடுத்தார்கள். ஆள் யார் என்று தெரிந்ததும் செயற்குழுவைக் கூட்டி, சாட்சிகளை எழுந்து நிற்கச் சொல்லி, அவன் பெயரை அப்பன் பெயரோடு சேர்த்து உரக்க வாசித்தார்கள். கூட்டமைப்பில் அதுதான் வழக்கம். கொடுத்த பொறுப்பைத் திரும்ப எடுக்க எழுதி ஒட்டுவது கிடையாது, தபாலில் அனுப்புவது கிடையாது. எடுப்பவன் வாயால் சொல்ல வேண்டும், நிற்பவர்கள் காதால் கேட்க வேண்டும். அப்படி வாசிக்கப்பட்டவனுக்கு அப்புறம் எந்தத் தறிக்கூடத்திலும் பக்கத்தில் நின்று டீ குடிக்க ஆள் கிடைக்காது.

இந்த முறை வாசிக்கப்பட இருந்த பெயர் நாகரத்தினம். சோமனூர் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்பவள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஆலையிலிருந்து விரட்டப்பட்டவள். சங்கம் கொடுக்கும் சிறு தொகையில் தானும் தாயும் வாழ்கிறவள். அவளுடைய சித்தப்பா மகன் ஆலையில் மேஸ்திரி. அது முன்பே எல்லாருக்கும் தெரியும். அப்போது அது குற்றமாகத் தெரியவில்லை.

கூட்டமைப்புக்கு ஐந்து ஊர்களில் அலுவலகம். ஐந்திலும் ஒவ்வொரு கணினி. ஐந்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. தன் லேப்டாப்பில் அதற்கான சாவி வைத்திருப்பவர் எந்த ஊரிலிருந்தும் எந்தக் கணினிக்குள்ளும் நுழையலாம். திண்டுக்கல் கணினியின் வருகைப் பதிவைப் பார்த்தார்கள். சகாயமேரியின் வாக்குமூலத்தை யாரோ திறந்த நேரத்தில், உள்ளே வந்தவர் சோமனூரிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருந்தது. குமாரபாளையத்தில் பார்த்தார்கள். அங்கும் சோமனூர். ராஜபாளையத்திலும் சோமனூர்.

கூட்டமைப்பின் தலைவர் அங்கப்பன் குமாரபாளையத்துக்காரர். அவர் அதற்கு மேல் எதையும் பார்க்க விரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்குக் காற்று வாக்கில்கூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவாள் என்றார். மாலை நாலு மணிக்குப் பள்ளிபாளையத்தில் செயற்குழு. நாகரத்தினத்துக்கும் வழக்கம்போலத் தகவல் போயிருந்தது. எதற்கு என்று சொல்லவில்லை.

கணினிகளுக்குப் பொறுப்பு பள்ளிபாளையத்து இளம்பரிதி. பதினோரு வயதில் தறிக்குப் போனவர். சங்கத்தின் துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தமிழ் கற்றார். கணினியையும் ஐம்பது தாண்டித்தான் கற்றார். கற்றுக்கொடுத்தவர் அமலோற்பவம். இவரைவிடப் பதினைந்து வயது சிறியவர். பெரிய மென்பொருள் கம்பெனி ஒன்றில் துப்புரவுப் பெண்களுக்காகப் பேசியதற்காக வேலை போனவர். ஈரோட்டில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்துகொண்டு, சங்கங்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் டீச்சர் என்பார்கள். இரக்கமில்லாத டீச்சர். மாணவரின் விசைப்பலகையைத் தொடவே மாட்டார். எத்தனை தடவை தப்பாக அடித்தாலும் மாணவரின் விரல்தான் அடிக்க வேண்டும்.

அன்று காலை இளம்பரிதி பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போனார். பேருந்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. நாகரத்தினத்தின் பெயர் எழுதிய தீர்மானம் சட்டைப்பையில் இருந்தது. அது அங்கேயே இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மாடி ஏறியதும் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். சொல்லி முடித்ததும் இளம்பரிதி தான் வந்த காரியத்தைக் கேட்டார்.

“டீச்சர், நாகரத்தினத்தோட சாவியை அஞ்சு கணினியிலயும் ஒரே நேரத்துல செல்லாம ஆக்கணும். அவளுக்குத் தெரியறதுக்குள்ள. எப்படிப் பண்றது?”

“உட்காருங்க தோழர்.”

“நேரமில்லைங்க டீச்சர்.”

“உட்கார்ந்து சோமனூர்க் கணினிக்குள்ள போங்க.”

இளம்பரிதி தன் லேப்டாப்பைத் திறந்தார். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தார். அவர் மூன்றாவது தடவை சரியாக அடிக்கும்வரை டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கீழே அச்சகத்தில் யாரோ கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனதும் டீச்சர் அடுத்ததைச் சொன்னார். திண்டுக்கல் கணினிக்குள் போகச் சொன்னார். போனார். அங்கே வருகைப் பதிவைத் திறந்து கடைசி வரியை வாசிக்கச் சொன்னார்.

இளம்பரிதி வாசித்தார். இந்த நிமிடம். உள்ளே வந்தவர் சோமனூரிலிருந்து வந்தார்.

அவர் அந்த வரியை மறுபடியும் வாசித்தார்.

“இப்ப நீங்க எங்க இருக்கீங்க தோழர்?”

“ஈரோட்டுல.”

வெளி உலகத்துக்குத் திறந்திருக்கும் வாசல் சோமனூர்க் கணினி ஒன்றுதான். மற்ற நாலும் உள்ளறைகள். யார் எங்கிருந்து வந்தாலும் சோமனூரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். காவலுக்கு ஒரு வாசல் போதும் என்று அப்படி அமைத்துக் கொடுத்தவரே டீச்சர்தான். இளம்பரிதிக்கு அது தெரியாததல்ல. சகாயமேரி சாலையில் நின்ற செய்தி வந்த நாளிலிருந்து தெரிந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. வாசல் சோமனூராகவே இருக்கட்டும், அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவள் அவள்தானே என்றார். சோமனூர்க் கணினியின் பதிவை ஏன் பார்க்கவில்லை என்று டீச்சர் கேட்டார். அது அவள் கையில் இருப்பது, அவள் அழித்து எழுதியிருந்தால் என்ன செய்வது, அதனால்தான் அங்கப்பன் வேண்டாம் என்றார் என்றார் இளம்பரிதி.

“அதோட நகல் தினமும் உங்க பள்ளிபாளையம் கணினிக்கு வந்துக்கிட்டிருக்கு. நான்தான் அப்படி வச்சுக் கொடுத்தேன். திறந்து பார்த்தீங்களா?”

“இல்லைங்க டீச்சர்.”

“சரி. அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல ஆளுங்களைக் கூப்பிடுங்க.”

எந்த ஆளை என்று அவருக்குப் புரியவில்லை. டீச்சர் சோமனூர்க் கணினியிலிருந்த ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். யார் யார் உள்ளே வரலாம் என்று கணினி வைத்திருக்கும் பட்டியல் அது. ஆளுக்கு ஒரு வரி. சாவி அவரவர் லேப்டாப்பில் இருக்கும். அதற்குப் பொருந்தும் பூட்டு இங்கே ஒரு வரியாக இருக்கும். நீளமான, அர்த்தமில்லாத எழுத்துக் கோவை, கடைசியில் ஆளின் பெயர். அந்தப் பெயரை யாரும் எழுதலாம், அதை நம்பாதீர்கள் என்று டீச்சர் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். நம்ப வேண்டியது, கைரேகைபோலச் சாவிக்குச் சாவி மாறும் அதன் ரேகையை. எந்தச் சாவி நுழைந்தாலும் அதன் ரேகை வருகைப் பதிவில் விழும்.

“ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிடுங்க. அவங்க சாவியை வச்சு அவங்களே உள்ள வரட்டும். வந்தவங்க வரியைக் கீழே இறக்குங்க.”

இளம்பரிதிக்கு ஆத்திரமாக வந்தது. வீடு எரியும்போது பாத்திரம் எண்ணுகிற வேலையாக இருந்தது அவருக்கு. மணி பதினொன்றாகியிருந்தது. ஆனாலும் கூப்பிட்டார்.

முதலில் அவரே. தன் வரியைக் கீழே இறக்கினார்.

ராஜபாளையத்தில் முத்துவீரன் எடுத்தார். கையில் இட்லியோடு எடுத்தார் போலிருந்தது. தோழர் என்றாலே சோறு திங்க விடாதவர்கள் என்று அர்த்தமா என்று கேட்டார். பிறகு லேப்டாப்பைத் தேடினார். அது பேத்தியிடம் இருந்தது. பேத்தி கொடுக்கமாட்டேன் என்று அழுவது ஈரோடு வரை கேட்டது. கடைசியில் உள்ளே வந்தார். அவர் ரேகை விழுந்தது. அவர் வரி இறங்கியது.

திண்டுக்கல்லில் ஆரோக்கியம். உடனே வந்துவிட்டார். கடவுச்சொல் நினைவிருக்கிறதே என்று இளம்பரிதி பாராட்டியபோது, எதற்கு நினைவு, மானிட்டரின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன் என்றார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

குமாரபாளையத்தில் அங்கப்பன். இந்த விளையாட்டெல்லாம் எதற்கு என்று எரிந்து விழுந்தார். “ஏனுங்க தோழர், அந்தப் புள்ள பேரை இன்னைக்கு வாசிச்சுப்போட்டு எந்திரிக்கறதை விட்டுப்போட்டு, அந்த டீச்சர்கிட்டப் போயி உட்கார்ந்துட்டீங்களாக்கும்” என்றார். எரிந்து விழுந்துகொண்டேதான் உள்ளே வந்தார். வரி இறங்கியது.

அடுத்த எண்ணைப் போட இளம்பரிதியின் விரல் வரவில்லை.

“அவளைக் கூப்பிட்டா உஷாராயிடுவா, டீச்சர்.”

“கூப்பிடுங்க.”

நாகரத்தினம் பேருந்தில் இருந்தாள். மடியில் லேப்டாப் இருந்தது. செயற்குழுவுக்குத்தான் வருகிறாளாம், முன்கூட்டியே கிளம்பிவிட்டாளாம். கூட்டத்துக்கு வரும் சகாயமேரிக்கு ஒரு சேலை எடுத்து வருகிறாளாம், உடுத்தின துணியோடு வந்த பிள்ளை ஆயிற்றே என்றாள். இளம்பரிதியால் ஒழுங்காகப் பேச முடியவில்லை. உள்ளே வந்து போகச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. “இருங்கண்ணா, சிக்னல் வரட்டும்” என்றாள். பிறகு வந்துவிட்டதாகச் சொன்னாள். கடவுச்சொல்லை முந்தாநாள் மாற்றிவிட்டேன், டீச்சர் மாற்றச் சொல்லி ரொம்ப நாளாகிறதே என்று தானாகவே சொன்னாள். மாலையில் பார்க்கலாம் அண்ணா என்று போனை வைத்தாள்.

இளம்பரிதி அவள் வரியைக் கீழே இறக்கினார். இரண்டு கைகளையும் மேசையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அஞ்சு பேரும் வந்தாச்சு டீச்சர். போதுமா?”

“மேல ஒரு வரி நிக்குதே.”

அவர் பார்த்தார். நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக நின்றது. தினமும் அவர் கண்ணில் பட்ட வரிதான்.

“அது அண்ணனோடது டீச்சர்.”

“கூப்பிடுங்க.”

“டீச்சர், செங்கோடன் அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் தாண்டிருச்சு. அவர் இப்ப இல்லை.”

“ரேகையைப் பாருங்க.”

பள்ளிபாளையத்துக்கு வந்து குவிந்திருந்த நகலை அவர் திறந்தார். ராஜபாளையத்தில் கூட்டம் முடிவான இரவு. குமாரபாளையத்தில் தொகை முடிவான இரவு. சகாயமேரி பேசிய இரவு. மூன்றிலும் ஒரே ரேகை. கீழே இறங்கிய ஐந்து பேரில் யாருடையதும் அல்ல. மேலே நின்ற வரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து ஒட்டியது. போன செவ்வாய்க்கிழமையும் இருந்தது.

“இல்லாதவர் செவ்வாய்க்கிழமை வந்துட்டுப் போயிருக்காரே தோழர்.”

கூட்டமைப்பை நிறுவியவர் செங்கோடன். தடியடியில் தோள் உடைந்து, கடைசிவரை இடது கையைத் தூக்க முடியாதவர். தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே துண்டறிக்கையை விரித்துப் பிடித்து, இது ‘அ’ இது ‘உ’ என்று இளம்பரிதிக்குக் காட்டிக்கொடுத்தவர். அவர் செத்தபோது கடையடைத்தது ஐந்து ஊர். இரங்கல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: அண்ணன் பெயரில் இருக்கும் எதையும் கூட்டமைப்பு நீக்காது. அப்படியே நடந்தது. கடிதத் தாளின் தலைப்பில் அவர் பெயர் இருந்தது. அவருடைய போன் எண்ணுக்கு மாதாமாதம் பணம் கட்டினார்கள். அதே கூட்டத்தில் அவருடைய லேப்டாப்பைச் செங்கொடியில் சுற்றி மேடையில் வைத்து அவர் மகனிடம் ஒப்படைத்தார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்று அழுதது. கொடியைச் சுற்றியவர் இளம்பரிதி. அதற்குள் ஒரு சாவி இருப்பதை அவர் நினைக்கவில்லை. அண்ணனின் லேப்டாப்பை யாராவது துடைத்துச் சுத்தம் செய்வார்களா? அதில் கடவுச்சொல்லும் இல்லை. எனக்கெதற்கு அதெல்லாம், தொழிலாளிக்குத் தெரியாத ரகசியம் என்னிடம் என்ன இருக்கிறது என்று செங்கோடன் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அதையும் ஒரு பெருமையாகக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மகன் இப்போது ஆலைக்கு ஆள் பிடித்து அனுப்பும் ஒப்பந்தக்காரன்.

இளம்பரிதி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தீர்மானத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அந்தப் பயல் பெயரை இன்று வாசிக்கிறேன், அப்பன் எலும்பை விற்றவன் பெயரை ஐந்து ஊரும் கேட்க வாசிக்கிறேன் என்றார். அவர் குரல் அச்சகம் வரை போய், கீழே ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“மகன்தான்னு எப்படித் தெரியும்? அவன் வித்திருக்கலாம். அவன்கிட்டயிருந்து யாராவது எடுத்திருக்கலாம்.”

“வேற யாரு டீச்சர்?”

“தெரியாது. மகனுக்கு நாம எப்பச் சாவி கொடுத்தோம்?”

“கொடுக்கலை.”

“கொடுக்காததை எப்படித் திரும்ப எடுப்பீங்க?”

இளம்பரிதி உட்கார்ந்தார்.

பிறகு வேலை நடந்தது. டீச்சர் சொல்லச் சொல்ல அவர் செய்தார். சோமனூரில் அந்த முதல் வரியை எடுக்க வேண்டும். விரலை விசையின் மேல் வைத்துவிட்டு அழுத்தாமல் இருந்தார். திண்டுக்கல் விடுதியில் இருக்கும் பெண்களை நினைத்தார். அழுத்தினார். பிறகு மற்ற நாலு கணினியிலும். வந்தவன் தனக்கென்று வேறொரு பூட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறானா என்று ஐந்திலும் தேடச் சொன்னார் டீச்சர். அந்தத் தேடலில் இளம்பரிதியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இல்லை. திறந்து பார்க்க வசதியாக ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று இருந்துவிட்டான் போல. ஐந்து பேருக்கும் புதுச் சாவி, ஆளுக்கு ஒரு கடவுச்சொல், ஒருவருடையது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது, ஆரோக்கியம் மானிட்டரில் ஒட்டியிருப்பதை இன்றே கிழிக்க வேண்டும். எல்லாம் முடிய இரண்டரை மணியாகிவிட்டது.

கிளம்பும்போது இளம்பரிதி வாசலில் நின்றார். நேரமில்லை என்று காலையில் சொன்னவர் இப்போது நகரவில்லை.

“டீச்சர், உங்க சாவி ஒண்ணு அந்தப் பட்டியல்ல இருந்துச்சே முன்னாடி. அது எங்க?”

“உங்களுக்குச் சொல்லிக்கொடுத்து முடிச்ச அன்னைக்கே எடுத்துட்டேன்.”

“எங்ககிட்டச் சொல்லவே இல்லையே.”

“உங்க கையாலதான் எடுத்தீங்க. என் பேரைச் சத்தமா வாசிக்கச் சொல்லித்தான் எடுக்கச் சொன்னேன். வகுப்புல சிரிச்சாங்க.”

அவருக்கு நினைவு வந்தது. அவரும்தான் சிரித்தார்.

பிறகு, உண்மையில் கேட்க நின்றதைக் கேட்டார். பூட்டைத்தான் எடுத்தாயிற்றே, இனி யாராலும் வர முடியாதே. அங்கப்பனிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் வேறு ஏதாவது பேசி முடித்துக்கொள்கிறோம். அண்ணன் பெயர் வெளியே வர வேண்டாமே.

“நாகரத்தினத்தைப் பத்தி எத்தனை பேர்கிட்டப் பேசியிருக்கீங்க?”

இளம்பரிதி எண்ணிப் பார்த்தார். எண்ண முடியவில்லை. அங்கப்பன் பேசினார், ஆரோக்கியம் பேசினார், அவர்கள் வீட்டில் பேசினார்கள். சோமனூர் டீக்கடையில்கூட அவள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அது நல்ல செய்தியாக இருந்தது.

“பூட்டை நீங்க இங்க உட்கார்ந்து எடுத்துட்டீங்க தோழர். அவ மேல வச்ச பழி இங்க உட்கார்ந்தா எடுக்க வராது.”

“அதுக்கு அண்ணன் பேரை எப்படி டீச்சர் வாசிப்பேன்? துரோகிங்க பேரை வாசிக்கிற இடம் அது. அவர் என்ன துரோகம் பண்ணினார்? என்ன சொல்லி வாசிப்பேன்?”

“நாகரத்தினம் பேரை என்ன சொல்லி வாசிக்கறதா இருந்தீங்க?”

இளம்பரிதி படியிறங்கினார்.

நாலு மணிக்குப் பள்ளிபாளையத்தில் மின்விசிறி ஓடியும் எல்லாருக்கும் வியர்த்தது. அங்கப்பன் தலைமை. விஷயம் பரவியிருந்தது. உறுப்பினர் அல்லாதவர்களும் ஜன்னல் பக்கம் நின்றார்கள். நாகரத்தினம் சேலைப் பையோடு கடைசி வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்து இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. அதை அவள் பார்த்தாள். ஒன்றின் மேல் பையை வைத்தாள்.

இளம்பரிதி எழுந்தார். கையில் தாள் இல்லை என்பதை அங்கப்பன் கவனித்து முகம் சுளித்தார். சாட்சிகள் எழுந்திருக்க வேண்டும் என்றார் இளம்பரிதி. முத்துவீரன் எழுந்தார். ஆரோக்கியம் எழுந்தார். சகாயமேரியும் எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் பயந்துபோய் எழுந்தாள். நாலாவது யார் என்று எல்லாரும் திரும்பினார்கள்.

“நாகரத்தினம், எந்திரிம்மா. நீதான்.”

அறையில் ஒரு சலசலப்பு. குற்றவாளியையே சாட்சியாக்குகிறாரே, இதென்ன புது வழக்கம் என்று ஜன்னலோரம் ஒருவர் சொன்னார். அங்கப்பன் மேசையைத் தட்டினார். நாகரத்தினம் எழுந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

மூன்று கெடுதிகளையும் இளம்பரிதி நடந்த வரிசையில் சொன்னார். மூன்றும் ஒரே சாவியால் நடந்தன என்றார். அந்தச் சாவி இந்த அறையில் இருக்கும் யாருடையதும் அல்ல, ஒவ்வொருவரையும் சோதித்தாயிற்று, என்னையும் சேர்த்து என்றார். அந்தச் சாவியை நாம் கொடுத்தோம், வாங்கியவர் போன பிறகும் நாம் எடுக்கவில்லை, எடுப்பதில்லை என்று கைதூக்கித் தீர்மானம் போட்டோம் என்றார். அங்கப்பனின் கை தட்டுவதை நிறுத்தி மேசைமேலேயே நின்றது. யாரோ ஒரு மூத்த தறிக்காரர், வேண்டாம் இளம்பரிதி, அந்தப் பெயரைச் சொல்லாதே என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

இளம்பரிதி நாகரத்தினத்தைப் பார்த்தார். அவள் நேராக நின்றிருந்தாள்.

“சாட்சிகள் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டமைப்பு கொடுத்த சாவி இன்று முதல் திரும்ப எடுக்கப்பட்டவர்.”

அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முதல் எழுத்தை உச்சரிக்கும்போது குரல் உடைந்தது. நிறுத்தி, முதலிலிருந்து, ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“பள்ளிபாளையம் கருப்பண்ணன் மகன் செங்கோடன்.”